ஒத்திகை பார்த்த தப்பு

கெங் ஷியூலானுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று எங்கள் பள்ளியில் சொல்வார்கள். கணித ஆசிரியர்கள் அறையில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. காரணம் எப்போதும் இருந்தது.

அவர் பிறந்தது மலைக்குள் ஒளித்துக் கட்டிய விமான உதிரிபாகத் தொழிற்சாலையின் குடியிருப்பில். பெற்றோர் வடகிழக்கே ஷென்யாங்கிலிருந்து ரயிலேற்றி அங்கே வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள். அந்த வடகிழக்குப் பேச்சு மகளையும் விடவில்லை. ஹான் ஆற்றங்கரையில் நாங்களெல்லாம் இழுத்து இழுத்துப் பேசுகிறவர்கள். கெங் கடையில் வினிகர் கேட்டாலே சண்டைக்கு வந்தது போலிருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு எங்கள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்தவர், பிறகு வேறு எங்கும் போகவில்லை. கணவர் பேருந்து ஓட்டுகிறார். மகள் ஷியானில் இருக்கிறாள். வகுப்பில் சுண்ணக்கட்டியை அழுத்தி எழுதுவார். அது உடையும். உடைந்ததை எறிவார். யார் மேலும் படாது. ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் குனியப் பழகியிருந்தார்கள்.

அவருக்கு உயர்நிலை ஆசிரியர் பட்டம் கிடைக்கவில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் அந்தப் பணிப் பட்டத்தைப் பொறுத்தவை. முதல் தடவை விண்ணப்பித்தபோது பத்திரிகையில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்றார்கள். எழுதினார். அடுத்த தடவை ஆங்கிலத் தேர்வு எழுதச் சொன்னார்கள். சைனும் கோசைனும் நடத்துகிறவருக்கு ஆங்கிலத் தேர்வு. அதையும் எழுதினார். பிறகு கணினித் தேர்வு. எல்லாம் முடிந்தபோது இருந்த ஒரே இடம், பல வருஷமாக வகுப்புப் பக்கமே வராத அலுவலகத் தலைவருக்குப் போயிற்று. இப்போது, நகர அளவில், நடுவர்கள் பார்க்கத் திறந்த வகுப்பு நடத்திப் பரிசு வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். பெண் ஆசிரியர்கள் ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற வேண்டும். கெங்குக்கு ஐம்பத்து மூன்று. இது கடைசி வாய்ப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிரின்சிபால் தௌ அவரைவிட வயதில் சின்னவர். எங்கள் அறைக்கே வந்து சொன்னார்.

“நம்ம பள்ளிக்கூடம் சார்பா நீங்கதான் நடத்தப் போறீங்க கெங் டீச்சர். முதல் பரிசு வந்தாப் போதும், பட்டம் உங்க வீட்டுக் கதவைத் தட்டும்.”

“போன தடவையும் தட்டும்னீங்க. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கொசுதான் வந்தது.”

தௌ சிரித்தார். கெங் சிரிக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டார்.

பாடம், முக்கோணவியல் முற்றொருமைகளை நிரூபித்தல். திறந்த வகுப்பு என்றால் அப்படியே போய் நடத்திவிட முடியாது. அதைத் தீட்ட வேண்டும். தீட்டுவதற்காக நகரத்திலிருந்து பாட ஆய்வாளர் லெய் வந்தார். மென்மையாகப் பேசுகிறவர். தேநீர் குடுவையைக் கையிலேயே வைத்திருப்பார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கெங்கின் பாடத்தை முழுவதும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கு. ஆனா வழவழன்னு போகுது. நடுவுல ஒரு தப்பு வேணும்.”

“என்ன தப்பு?”

“ஒரு மாணவி தப்பா எழுதணும். நீங்க வகுப்பைக் கேக்கணும். வகுப்பு அதைக் கண்டுபிடிக்கணும். நடுவர்கள் அதுக்குத்தான் மார்க் போடுவாங்க.”

“என் வகுப்புல தப்புக்குப் பஞ்சமே இல்லை. கேட்டா நிமிஷத்துக்கு ஒண்ணு கிடைக்கும்.”

“அது வேண்டாம் கெங் டீச்சர். அந்த மாதிரித் தப்பு எங்க போய் முடியும்னு யாருக்கும் தெரியாது. நாம முடிவு பண்ணின தப்பா இருக்கணும்.”

அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் கொடுத்தார். பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதுதான். ஒரு முற்றொருமையை நிரூபி என்றால், இடப்பக்கத்தை மாற்றி மாற்றி வலப்பக்கத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக, நிரூபிக்க வேண்டிய சமன்பாட்டையே முதல் வரியாக எழுதிவிடுவார்கள். குறுக்குப் பெருக்கல் செய்வார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். நிரூபித்தாயிற்று என்று எழுதிக் கோடு போடுவார்கள். வருஷா வருஷம் இதற்குச் சிவப்பு மசி செலவழிக்கிறோம்.

அடுத்து லெய் வகுப்பைத் தீட்டினார். மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் அன்றைக்கு நூலகத்தில் இருப்பார்கள், அவர்கள் இடத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து நல்ல பிள்ளைகள் உட்காருவார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. இதெல்லாம் எங்கும் நடப்பதுதான். இங்கே ஒரு சிக்கல் மட்டும் வந்தது. உண்மையில் தப்பாக எழுதக்கூடியவர்கள் எல்லோரும் நூலகத்துக்குப் போய்விட்டார்கள். தப்பு செய்யக் கெட்டிக்காரி ஒருத்தியைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

தோங் யா வகுப்பில் இரண்டாவது அல்லது மூன்றாவதாக வருகிறவள். கட்டை முடி, பேசும்போது கண்ணைச் சிமிட்டாத பெண்.

“நான் இப்படி எழுத மாட்டேன் டீச்சர்,” என்றாள்.

“தெரியும். நடி.”

“எல்லாரும் பாப்பாங்க. வீடியோ எடுப்பாங்க.”

“என்னையும்தான் எடுப்பாங்க. நான் நடிக்கலையா?”

ஒத்திகைகள் நடந்தன. தோங் யா பலகைக்குப் போய் அதே நான்கு வரிகளை எழுதுவாள். வகுப்புத் தலைவன் எழுந்து, நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொண்டாள் என்பான். திரையில் ஒரு பெரிய சிவப்புப் பெருக்கல் குறி சுழன்று வந்து நிற்கும். லெய் அதற்கு முரசுச் சத்தம் சேர்த்திருந்தார். கணினியை இயக்குவது என் வேலை. உடனே தோங் யா சொல்ல வேண்டியது: “புரிஞ்சுது டீச்சர். இனிமே இப்படி எழுத மாட்டேன்.” சாப்பாட்டு வரிசையில் பையன்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். “தப்பு மகாராணி வர்றாங்க, ஒதுங்குங்கடா.” ஒருவன் தட்டில் முரசு அடித்துக் காட்டினான். அவள் அந்தத் தட்டை அவன் கையிலிருந்து தட்டிவிட்டாள்.

கெங்கின் முகம் லெய்யைத் தொந்தரவு செய்தது.

“தப்பு பண்ணின பிள்ளையை இப்படியா பாக்கறது? கொஞ்சம் அன்பாப் பாருங்க.”

“இதுதான் என் அன்பான மூஞ்சி.”

அந்த நாட்களில் அவர் வீட்டுப்பாடங்களைத் திருத்துவதைக் கேட்க முடிந்தது. பேனா தாளைக் கிழிக்கும் சத்தம். ஒரு மதியம் என்னிடம் சொன்னார்: “தம்பி, நான் ஒரு பொய்யையும் சொல்லலை. ஆனா வாயைத் திறந்தா எல்லாம் பொய்யா வருது.” பிறகு, “என்னையும் சேர்த்துத் தீட்டிட்டாங்க,” என்றார். இருந்தும் வசனத்தை மறக்கவில்லை. பட்டம் வேண்டும். வெறுப்பையும் ஆசையையும் அவர் மறைக்கவில்லை.

வகுப்பு எங்கள் பள்ளியின் கூடத்திலேயே நடந்தது. பின்வரிசைகளில் மற்ற பள்ளி ஆசிரியர்கள், முன்னால் பக்கவாட்டில் நடுவர்கள், அவர்களோடு லெய், தௌ. காமிரா இரண்டு. பிள்ளைகளின் நீல வெள்ளைச் சீருடைகள் துவைத்துத் தேய்த்திருந்தன. கெங் மெரூன் நிறக் கோட்டு போட்டிருந்தார். மகள் அனுப்பியது. முதல் பாதி லெய் விரும்பிய மாதிரியே போயிற்று. கெங் இரண்டு தடவை சிரிக்கக்கூடச் செய்தார்.

“கோசைனை, ஒன்று கழித்தல் சைனால் வகுக்கிறோம். அது, ஒன்று கூட்டல் சைனைக் கோசைனால் வகுத்ததற்குச் சமம் என்று நிரூபிக்க வேண்டும். தோங் யா, வந்து எழுது.”

தோங் யா எழுதினாள். முதல் வரியில் அந்தச் சமன்பாடே. இரண்டாவது வரியில் குறுக்குப் பெருக்கல்: கோசைன் வர்க்கம், ஒன்று கழித்தல் சைனும் ஒன்று கூட்டல் சைனும் பெருக்கியதற்குச் சமம். மூன்றாவதில் வலப்பக்கம் ஒன்று கழித்தல் சைன் வர்க்கம் ஆயிற்று. நான்காவதில் கோசைன் வர்க்கம் சமம் கோசைன் வர்க்கம். நிரூபிக்கப்பட்டது. வகுப்புத் தலைவன் எழுந்து தன் வசனத்தைச் சொன்னான். நான் பொத்தானை அழுத்தினேன். சிவப்புக் குறி முரசோடு சுழன்று வந்து நின்றது.

“புரிஞ்சுதா தோங் யா?”

“இல்லை டீச்சர்.”

அது வசனத்தில் இல்லை. பிள்ளைகளில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“என்ன புரியலை?”

“இதுல தப்பு எங்கேன்னு புரியலை. இதைக் கீழே இருந்து மேலே படிச்சுப் பாத்தேன். புத்தகத்துல இருக்கற ரெண்டாவது நிரூபணம் அப்படியே வருது. புத்தகம் எழுதினா சரி. நான் தலைகீழா எழுதினா தப்பா?”

இந்த மாதிரி இக்கட்டுக்கென்று ஒரு வசனம் எல்லா ஆசிரியர்களிடமும் இருக்கிறது: நல்ல கேள்வி, வகுப்பு முடிந்ததும் பேசலாம். லெய் நடுவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அதை உதட்டால் சொல்லிக்காட்டினார். தௌ கைக்கடிகாரத்தைத் தட்டினார். கெங் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் முதல் பரிசு அவருடையது. அந்தப் பெண்ணின் கேள்விகூட நடுவர்களுக்கு அழகாகத்தான் பட்டிருக்கும்.

கெங் பலகையைப் பார்த்தார். கீழ் வரியிலிருந்து மேலே. உதடுகள் அசைந்தன. கழுத்திலிருந்து சிவப்பு ஏறுவது எனக்குத் தெரிந்தது. முதல் வரிசை குனிந்தது.

“தம்பி, அந்தக் குறியை எடு.”

நான் பின்னால் போகும் பொத்தானை அழுத்தினேன். குறி மறைந்தது. மறுபடி முரசோடு சுழன்று வந்தது.

“எடுன்னு சொன்னேன்.”

முன்னால் அழுத்தினேன். கைதட்டும் பொம்மைக் குழந்தைகள் வந்தார்கள். கெங் நேராக என்னிடம் வந்து, குனிந்து, சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினார்.

“இது தப்புன்னு சொன்னது யாரு?”

வகுப்புத் தலைவன் எழுந்தான். நல்ல பையன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே டீச்சர்… எழுதிக் குடுத்தீங்க.”

நடுவர்களில் ஒருவர் இருமினார். லெய் குடுவையின் மூடியைத் திருகித் திறந்து, குடிக்காமல் மூடினார்.

“ஆமா. நான்தான் குடுத்தேன். உக்காரு.” வகுப்பைப் பார்த்தார். “தோங் யா மேலே இருந்து கீழே வந்திருக்கா. கீழே இருந்து மேலே போக முடியுமாங்கறா. முடியுமா, முடியாதா? கை தூக்குங்க.”

எல்லாக் கைகளும் எழுந்தன. பழக்கம். கெங் மூன்றாவது வரிசையில் ஒரு பையனைக் கூப்பிட்டார். அவன் திகைத்துப்போய்த் தன் கையையே பார்த்தான்.

“டீச்சர், நான் இடது கை தூக்கியிருக்கேன்.”

“தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன்.”

“எனக்குத் தெரியாது டீச்சர்.”

“இந்த வகுப்புல இன்னிக்கு வந்த முதல் உண்மை. உக்காரு.” பின்வரிசையில் வெளியூர் ஆசிரியர்கள் சிரித்தார்கள். கெங் அவர்கள் பக்கம் திரும்பியதும் நிறுத்தினார்கள். “யாராவது போய் லைப்ரரியில இருக்கறவங்களைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு நிஜமாத் தப்பு பண்றவங்க வேணும்.”

தௌ பாதி எழுந்தார். காமிராவைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

நூலகப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய இடங்களில் வேறு யாரோ உட்கார்ந்திருந்ததால் ஜன்னலோரம் வரிசையாக நின்றார்கள். ஹுவோ பெங் என்ற பருத்த பையன் சட்டையில் சூரியகாந்தி விதைத் தோல் ஒட்டியிருந்தது. கெங் தோங் யாவின் நான்கு வரிகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதினார். சைன் சமம், ஒன்று கழித்தல் கோசைன் வர்க்கத்தின் வர்க்கமூலம்.

“ஹுவோ பெங், இதை அவ மாதிரியே பண்ணு.”

அவன் சந்தோஷமாகப் போனான். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினான். சைன் வர்க்கம், ஒன்று கழித்தல் கோசைன் வர்க்கம். இரண்டும் ஒன்றுதான். கோடு போட்டான்.

“நிரூபிச்சாச்சு டீச்சர்.”

“எல்லாரும் ஒத்துக்கறீங்களா?”

ஒத்துக்கொண்டார்கள். யாரும் எழுதிக் கொடுக்காமலே. தோங் யாவும் தலையசைத்தாள்.

“இருநூத்தெழுபது டிகிரி போடு.”

ஹுவோ போட்டான். இடது பக்கம் மைனஸ் ஒன்று வந்தது. வலது பக்கம் ஒன்று. அவன் அதை அழித்துவிட்டு மறுபடி போட்டான். அதேதான் வந்தது.

“அப்ப நான் தப்பா டீச்சர்?”

“தப்புதான். எங்கேன்னு கண்டுபிடி. நான் சொல்ல மாட்டேன்.”

அதற்குப் பிறகு அது வகுப்பு மாதிரி இல்லை, சந்தை மாதிரி இருந்தது. ஜன்னலோரத்தில் நின்றவர்கள் பலகைக்கு வந்துவிட்டார்கள். கோசைனில் தப்பு என்றான் ஒருவன். “லூசு, கோசைன் என்ன பண்ணிச்சு உன்னை,” என்றாள் இன்னொருத்தி. தோங் யா சுண்ணக்கட்டியை ஹுவோவின் கையிலிருந்து பிடுங்கினாள். அவன் திரும்பப் பிடுங்கினான். கடைசியில் ஹுவோதான் சொன்னான். வர்க்கப்படுத்திக் கீழே வந்துவிடலாம், திரும்பி மேலே போகும்போது பிளஸா மைனஸா என்று தெரியாது, வழி அங்கே அறுந்துவிடுகிறது. தோங் யா தன்னுடைய வரிகளைக் காட்டி, இங்கே எங்கும் அறுபடவில்லை என்றாள். கெங் அவளுடைய இரண்டாவது வரியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் எழுதினார்: மேலுள்ளதை நிரூபிக்க இது போதும். எழுதும்போது சுண்ணக்கட்டி உடைந்தது. மணி அடித்தது. தொகுப்புரை இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, நடுவர்களுக்கு நன்றி இல்லை.

மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். அதற்குக் கீழே பரிசு கிடையாது, வந்தவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று உண்டு. கற்பித்தல் இலக்கு நிறைவேறவில்லை, வகுப்பில் ஒழுங்கு தளர்ந்தது, மின்சாதனத்தைக் கையாண்ட விதம் பாதுகாப்பானதல்ல என்று குறிப்பு வந்தது. பட்டம் போயிற்று.

தௌ கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார். கெங் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பதில் கத்தினார். லெய் கிளம்பும்போது எங்கள் அறைக்கு வந்து, வருத்தத்தோடுதான் சொன்னார்:

“‘அப்புறம் பேசலாம்’னு சொல்லியிருந்தாப் போதுமே.”

“அப்புறம்னா எப்போ? எனக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு.”

கெங் அமைதியாகிவிட்டார் என்று யாராவது நினைத்தால் அவரைத் தெரியாதவர்கள். பட்டம் போனதை அவர் ஒரு நாளும் பெரிய மனதோடு எடுத்துக்கொள்ளவில்லை. தௌ மேல் கோபம், லெய் மேல் கோபம், எல்லோரையும்விடத் தோங் யா மேல். வகுப்பில் அவள் பக்கமே திரும்பவில்லை. “சரியாத்தான் சொன்னா,” என்றார் என்னிடம். “சரியாச் சொல்ல அவளுக்கு வேற நாளே கிடைக்கலையா?”

அந்த வார வெள்ளிக்கிழமை தோங் யா எங்கள் அறைக்கு வந்தாள். மதிய நேரம். கெங் மிளகாய் எண்ணெயில் புரட்டிய மியான்பி அரிசி நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

“அம்மா மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க டீச்சர்.”

“எதுக்கு?”

“தப்பு பண்ணினதுக்கு.”

“என்ன தப்பு? சொல்லு. சொல்லத் தெரிஞ்சா ஆரஞ்சை வச்சுட்டுப் போ. தெரியலைன்னா எடுத்துட்டுப் போ. சும்மா மன்னிப்புக் கேக்கற ஆளுங்களை எனக்குப் பிடிக்காது.”

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பையைக் கை மாற்றினாள்.

“கோசைன் சைபரா இருக்கக் கூடாதுன்னு நான் எழுதலை. கீழே இருந்து மேலே போறப்போ கடைசியா கோசைனால வகுக்கணும். சைபரா இருந்தா அங்கேயே அறுந்துடும். புத்தகத்துல அதை எழுதியிருக்காங்க. நான் விட்டுட்டேன்.”

கெங் சாப்பாட்டை நகர்த்திவிட்டு ஒரு தாளை இழுத்தார். நான்கு வரிகளையும் எழுதினார். கீழேயிருந்து விரலால் ஏறினார். முதல் வரிக்குக் கீழே விரல் நின்றது.

“ஒத்திகையில எத்தனை தடவை இதை எழுதினே?”

“நிறைய டீச்சர்.”

“ஒரு தடவைகூட நான் பாக்கலை.” என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியா?”

“இல்லை அக்கா.”

“அந்த நடுவருங்க? அவ்வளவு பெரிய குறியைப் போட்டாரே, அந்த லெய்?” தோங் யாவைப் பார்த்தார். “ஒரு மார்க் குறைச்சிருப்பேன். ஒரே ஒரு மார்க். போ, மணி அடிக்கப் போகுது.”

அவள் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கெங் ஒரு ஆரஞ்சை எடுத்து, உரிக்காமல் திரும்ப வைத்தார். கைபேசியில் எண்ணைத் தேடினார். அழைப்பு போவது எனக்கே கேட்டது. பிறகு லெய்யின் மென்மையான குரல், முடிவு வந்தாயிற்று, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது, வருத்தப்படாதீர்கள் என்று தொடங்கியது.

“முடிவைப் பத்தி யாரு பேசினா?” என்றார் கெங். “எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க ஊர்ல சைபரால வகுப்பீங்களா?”

பக்கத்து வேதியியல் அறையில் யாரோ எழுந்து கதவைச் சாத்தினார்கள்.